செல்லாத அஞ்சு ரூபாய்

பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் நார் மில்லில் கணக்கு எழுதுகிறேன். வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துச் சித்தூர் தாலுகாவில். சாயங்காலம் வண்டியில் திரும்பும்போது கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிற்பது பல வருஷத்துப் பழக்கம். போன மாதம் ஒருநாள், நான் கொடுத்த சில்லறையிலிருந்து ஒரு நாணயத்தை மட்டும் கடைக்காரர் தனியே எடுத்து என் பக்கம் தள்ளினார். "இது வேண்டாங்க, செல்லாது" என்றார். அஞ்சு ரூபாய் நாணயம்தான். ஆனால் எண் இருக்கவேண்டிய பக்கத்தில் ஒரு பெரியவரின் முகம். சுற்றிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுத்து. "யாருங்க இது, வடக்கத்தித் தலைவரா?" என்று கேட்டார். "சி. சுப்பிரமணியம்ங்க. நம்ம பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்" என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அப்படிங்களா" என்றுவிட்டு அடுத்த கிளாஸை ஆற்றப் போய்விட்டார்.

செங்குட்டைப்பாளையத்தில் 1910-ல் பிறந்து, சென்னையிலும் டில்லியிலும் காங்கிரஸ் மந்திரியாக இருந்தவர் அவர். 2010-ல் நூற்றாண்டுக்காக அரசு வெளியிட்ட நாணயம் அது, சட்டப்படி செல்லும். அதையெல்லாம் சொல்லி வாதாடத் தோன்றவில்லை. வேறொரு காசைக் கொடுத்துவிட்டு இதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கடைக்குப் பின்னால் இருக்கும் தென்னந்தோப்பைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. 'இந்தத் தோப்புக்குத் தண்ணி வர்றதே இந்த ஆளாலதான்' என்று நான் சொல்லியிருந்தால் பொள்ளாச்சியில் எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள். எங்கள் பக்கம் சொல்லியிருந்தால், 'தண்ணி வராததே அந்த ஆளாலதான்' என்று அடிக்க வந்திருப்பார்கள். ஒரே ஆள், ஒரே தண்ணீர், நடுவில் ஒரு செக்போஸ்ட்.

என் அப்பாரு (தாத்தா) அவரை அடிக்க எல்லாம் போகமாட்டார். ஆனால் அந்தப் பேரைக் கேட்டாலே வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார். அவருக்கு இருந்த கோபம் தண்ணீரைப் பற்றியது இல்லை. "ராசினாமா குடுத்தவன் மறுபடி வந்து அதே நாற்காலில உக்காரப்படாது கண்ணு" என்பார். 1965-ஐப் பற்றித்தான் சொல்கிறார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அப்பாருவின் தீர்ப்பைச் சின்ன வயதிலேயே வாங்கி வைத்துக்கொண்டவன் நான். சி.எஸ். என்றால் நிலையாக நிற்காத ஆள், அவ்வளவுதான். அந்த நாணயம் பையில் கிடந்த இந்த ஒரு மாதத்தில் அந்தத் தீர்ப்பு என்னிடம் நிலையாக நிற்கவில்லை. அதை எழுதிப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன்.

சாவி ஒரு பக்கம், பூட்டு ஒரு பக்கம்

எங்கள் குடும்பம் குடியிருக்கும் மண்ணை விட்டு நகரவே இல்லை; ராஜ்ஜியம்தான் நகர்ந்துகொண்டே இருந்தது. சித்தூர் தாலுகா கொச்சி மகாராஜாவுடையது. சுற்றிலும் இருந்த பாலக்காடு பிரிட்டிஷ் மலபார், கிழக்கே கோயமுத்தூர் ஜில்லா. அப்பாரு கொச்சி ராஜ்ஜியத்துப் பிரஜையாகப் பிறந்து, 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சிக்காரராகி, 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரளத்துக்காரர் ஆனார். பேசியது கடைசிவரை கொங்குத் தமிழ். மாட்டுக்குச் சந்தை பொள்ளாச்சியில், நிலவரி ரசீது மலையாளத்தில். பெண் எடுத்ததும் கொடுத்ததும் எல்லைக்கு அந்தப் பக்கம். நானும் இங்கே தமிழ் வழியில் படித்து, மலையாளத்தை இன்னொரு பாடமாக எழுதிப் பாஸ் செய்தவன்தான்.

அதனால் பரம்பிக்குளம்-ஆளியாறு விவகாரம் எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியிலேயே சண்டையாக வரும். ஆனைமலையில் பிறந்து மேற்கே போய்க்கொண்டிருந்த ஆறுகளை மலைக்குள் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பிய திட்டம் அது. சோலையாறு, நீராறு, தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், பரம்பிக்குளம் என்று ஒன்றோடொன்று கோத்து, சர்க்கார்பதி மின்நிலையம் வழியாகத் திருமூர்த்தி அணைவரை தண்ணீர் போகிறது. பெரிய அணையான பரம்பிக்குளம் இருப்பது கேரளக் காட்டில். அதைப் பராமரிப்பது தமிழ்நாட்டு அரசு. கேரளத்துக்காரர் தன் சொந்தக் காட்டுக்குள் வண்டியில் போகவேண்டும் என்றாலும் ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போகவேண்டும். 2022 செப்டம்பரில் அந்த அணையின் ஒரு ஷட்டர் பெயர்ந்து விழுந்து தண்ணீர் பாய்ந்தபோது, எங்கள் வாட்ஸாப் குழுவில் மாமன்மாரும் மச்சான்மாரும் ரெண்டு மாநில அரசுகளைப் போலவே அறிக்கை விட்டுக்கொண்டார்கள்.

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரைக்கும் அந்தத் தண்ணீரில் நிற்கும் நிலம் லட்சக்கணக்கான ஏக்கர். அதுவும் எல்லாருக்கும் வருஷா வருஷம் கிடையாது. நாலு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை. 'இந்த வருசம் நம்ம மண்டலம்' என்பது அங்கே ஒரு நல்ல சேதி. எங்கள் பக்கத்துக்கு மணக்கடவில் அளந்துவிட வேண்டியது வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. அது மூலத்தறை வழியாகச் சித்தூர் வயல்களுக்குப் பிரியும். மாசி, பங்குனி வந்தால் அளவு குறைகிறது என்று இங்கே சாலை மறியல், மடையில் கள்ளத்தனமாகத் தண்ணி எடுக்கிறார்கள் என்று அங்கே சாலை மறியல். ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே மாதம்; அமலுக்கு வந்ததாகக் கணக்கு 1958 நவம்பரிலிருந்து. முப்பது வருஷத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 1988 வந்து போயிற்று. என் மகனுக்கு மீசை முளைத்துவிட்டது, மறுபரிசீலனை முடிந்தபாடில்லை.

இதற்குப் பின்னால் பல கொங்குப் பெயர்கள் உண்டு: வி.கே. பழனிசாமிக் கவுண்டர், நா. மகாலிங்கம். அப்புறம், சென்னை மந்திரிசபையில் நிதியைக் கையில் வைத்திருந்த சி.எஸ். அப்போது சென்னையில் காமராஜர், திருவனந்தபுரத்தில் இ.எம்.எஸ். ரெண்டு வேறு கட்சி ஆட்சிகள் ஒரு காட்டுத் தண்ணீரைப் பற்றி உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தன என்பதே இன்றைக்குப் பார்த்தால் புராணக்கதை மாதிரி இருக்கிறது. அப்பாரு இதை மட்டும் ஒப்புக்கொள்வார். "அந்தாளு வேலைக்காரன், அதுல சந்தேகமில்ல. பேச்சுக்காரன் இல்ல" என்பார். வேலை செய்தவன் வேறு, வார்த்தையில் நின்றவன் வேறு என்பது அவர் கணக்கு.

நிற்காத கதை 1965-க்கு முன்பே தொடங்குகிறது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று ஊரே ஏசியபோது, அதை ஆதரித்துப் பேசிய மந்திரி சி.எஸ். ராஜாஜி விலகியதும் முதலமைச்சர் நாற்காலிக்குக் காமராஜரை எதிர்த்து நின்றார். 93-க்கு 41 என்று தோற்றார். ஜெயித்த காமராஜர், தோற்றவரைக் கூப்பிட்டுத் தன் மந்திரிசபையிலேயே உட்கார வைத்தார். அடுத்த மாதமே, 1954 மே மாதத்தில், அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்று அறிவித்தவரும் அதே சி.எஸ்.! அப்பாருவுக்கு இது போதும். எனக்கும் ஒரு காலத்தில் போதுமாக இருந்தது. இப்போது பார்த்தால், தன் வாயால் ஆதரித்ததைத் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்த காமராஜரின் சாமர்த்தியம்தான் முதலில் கண்ணில் படுகிறது. அதற்குச் சம்மதித்தவரின் தோல் எவ்வளவு தடிமனாக இருந்திருக்க வேண்டும் என்பது அடுத்தபடி. காமராஜர் காலத்துப் பள்ளிக்கூடங்கள் என்று இன்று மேடைதோறும் பேசுகிறோமே, அவற்றைத் திறந்த மந்திரிசபையில் கல்வி இலாகா இந்தத் தோற்றுப்போனவர் கையில்தான் இருந்தது.

1965, வியாழக்கிழமை

பிப்ரவரி 11, 1965. வியாழக்கிழமை, பொள்ளாச்சிச் சந்தை நாள். அப்பாரு ஒரு ஜோடி காளையைப் பிடித்துக்கொண்டு விடிவதற்கு முன்பே கிளம்பியவர், பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். எதிரே வந்த வண்டிக்காரர்கள், 'போகாதீங்க, டவுனுக்குள்ள நெலம சரியில்ல' என்றார்களாம். ஜனவரி 26-லிருந்து தமிழ்நாடு எரிந்துகொண்டிருந்தது. இந்தி ஆட்சிமொழி ஆகிறது என்று மாணவர்கள் தெருவில். எல்லைக்கு இந்தப் பக்கம் சத்தமே இல்லை. அதே தமிழ் பேசுகிற நாங்கள், வேறு மாநிலத்துக்காரர்களாக, வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவும் ஒரு மாதிரியான வெட்கம். அப்பாரு அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்றைக்குத்தான் டில்லியில் மத்திய உணவு, விவசாய மந்திரி சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். பிரதமர் சாஸ்திரி அதைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கு அனுப்பி வைத்தார். ராதாகிருஷ்ணன் ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டார். அன்று இரவே சாஸ்திரி ரேடியோவில் பேசினார்: இந்தி பேசாத மாநிலங்கள் விரும்புகிற வரைக்கும் ஆங்கிலம் தொடரும், நேரு கொடுத்த உறுதி காக்கப்படும் என்று. ராஜினாமா அதோடு கரைந்தது. இருவரும் பதவியில் தொடர்ந்தார்கள். அதே பிப்ரவரியில் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் சர்க்கார் சொன்ன கணக்கும் ஊர் சொல்லும் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போனதில்லை. தன் சொந்த ஊரில் பிணம் விழுந்த மாதத்தில் டில்லி நாற்காலியில் இருந்தவர் என்றுதான் அப்பாரு அவரைப் பார்த்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எதைச் சொன்னாலும் அது சுடப்பட்டவன் வீட்டு வாசலில் நின்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கடிதம் ஏற்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பாரு ஒருநாளும் யோசித்ததில்லை, நானும்தான். இந்த மாதம்தான் யோசித்தேன். 1964 ஜூனில் உருக்கு இலாகாவிலிருந்து உணவுக்கு வந்தவர் அவர். நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருந்த காலம். யாரும் ஆசைப்பட்டு வாங்கும் இலாகா இல்லை அது. விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை, விஞ்ஞானிகளுக்கு மரியாதை, புது விதை, ரசாயன உரம் என்று ஆரம்பித்தார். அதற்கு எதிர்ப்பு இடதுசாரிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. சொந்தக் கட்சியில், சொந்த மாநிலத்துக்காரரான நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரியே முட்டுக்கட்டை போட்டார். இந்திய உணவுக் கழகத்தின் முதல் ஜில்லா அலுவலகம் தஞ்சாவூரில் திறந்தது 1965 ஜனவரி 14, பொங்கலன்று. ராஜினாமா நாலே வாரத்தில். அதே வருஷம் நவம்பரில் ரோம் நகரத்தில் அமெரிக்க விவசாய மந்திரி ஆர்வில் ஃப்ரீமனோடு உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்தது. லெர்மா ரோஜோ, சோனோரா 64 என்று பேர். டில்லியில் தன் பங்களாப் புல்வெளியை உழுது அதையே விதைத்தார். கொங்கு நாட்டுக் குடியானவன் புத்தி அது. காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.

அந்த வியாழக்கிழமை ராதாகிருஷ்ணன் வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால் அந்த 18,000 டன் வந்திருக்குமா? எம்.எஸ். சுவாமிநாதன் இருந்தார், செயலாளர் சிவராமன் இருந்தார், அந்த மெக்சிகோ ரகங்களை உருவாக்கிய விஞ்ஞானி போர்லாக்கின் விதையும் இருந்தது. யார் மந்திரியாக இருந்தாலும் வந்திருக்கும் என்று சொல்லலாம். நான் நம்பவில்லை. இலாகாவும் கட்சியும் முட்டும்போது முட்டு வாங்குகிற ஓர் ஆள் வேண்டும். 1954-லேயே அந்தத் தோல் தடித்திருந்தது. பேச்சில் நிற்காதவர் என்று அப்பாரு சொன்ன அதே குணம் இங்கே வேலையை விட்டு நகராத குணமாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

அம்முச்சியின் அரிசிப் பை

இதைக் கேட்டால் அம்முச்சி சிரித்திருப்பாள். அவள் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி, மகளை எங்கள் பக்கம் கட்டிக் கொடுத்தவள். 1966-ல் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகத் தடை. கேரளத்தில் அரிசிக்கு அல்லாட்டம். பேறுகாலத்தில் இருந்த என் அம்மாவுக்குக் கொடுக்க, புடவைக் கொசுவத்துக்குள் நாலு படி அரிசியைக் கட்டிக்கொண்டு அவள் செக்போஸ்டைத் தாண்டியிருக்கிறாள். 'புள்ளத்தாச்சியாட்டம் நடந்தேன், போலீசுக்காரன் வழி விட்டான்' என்பாள். ரேஷனில் போட்ட கோதுமையை என்ன செய்வது என்றே இங்கே யாருக்கும் தெரியவில்லை. திரிகையில் உடைத்துக் கஞ்சி காய்ச்சினார்களாம். 'பசையாட்டம் இருந்துச்சு, போஸ்டர் ஒட்டலாம்' என்பாள். 1966-ல் மட்டும் நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த தானியம் ஒரு கோடி டன் என்று இப்போது படிக்கும்போது, அந்தப் பசையில் ஒரு கிண்ணம் எங்கள் வீட்டிலும் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்த அரிசிதான் 1967-ல் காங்கிரஸைத் தோற்கடித்தது. மொழியும்தான், ஆனால் அரிசி கொஞ்சம் கூடுதலாக. 'ரூபாய்க்கு மூணு படி' என்று அண்ணா சொன்னதும் அம்முச்சி மாதிரி கொசுவத்தில் கட்டிய பெண்கள் எல்லாரும் போய் உதயசூரியனில் குத்திவிட்டு வந்தார்கள். விருதுநகரில் காமராஜரே தோற்ற தேர்தல் அது. நாட்டுக்கே உணவு மந்திரியாக இருந்தவர், உணவு இல்லை என்று கோபப்பட்ட சொந்தக் கொங்கு மண்ணில் தோற்றார். அடுத்த வருஷம் கோதுமை அறுவடை 1 கோடியே 65 லட்சம் டன்னாக வந்து இறங்கியது. மூணு வருஷம் முன்பு அது 1 கோடியே 20 லட்சம் சொச்சம்தான். வைக்க இடமில்லாமல் வடக்கே பள்ளிக்கூடங்களில் எல்லாம் மூட்டை அடுக்கினார்கள். இந்திரா காந்தி 'கோதுமைப் புரட்சி' என்று தபால்தலை வெளியிட்டார். விதைத்தவர் அப்போது மந்திரியும் இல்லை, எம்.பி.யும் இல்லை. அதுவும் அது கோதுமை. அரிசிக்காரிகளான எங்கள் அம்முச்சிமாருக்கு அந்தக் கொண்டாட்டம் வேறு யார் வீட்டுக் கல்யாணமோ.

இங்கேயே நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் 1975-ஐத் தாண்டிப் போக முடியாது. நெருக்கடிநிலைக் காலம் முழுக்க இந்திரா காந்தியின் நிதி மந்திரி அவர்தான். கிராம வங்கிகள் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். அதுவும் அவர் இலாகா வேலை. ஆனால் எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் கிடந்தார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. மொழிக்காக ஒரு வியாழக்கிழமையாவது கடிதம் எழுதிய கை, அந்த இருபத்தொரு மாதத்தில் ஒரு கடிதமும் எழுதவில்லை. நான் இவ்வளவு நேரம் மெச்சிய அந்த 'வேலையை விட்டு நகராத குணம்' இங்கே எப்படி இருக்கிறது என்று பார்த்தால் கசக்கிறது. அப்பாரு இருந்திருந்தால், 'இதைத்தான் நான் அப்பவே சொன்னேன்' என்பார். சரிதான். அவர் பாதி சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு இப்போது கஷ்டமில்லை. வேடிக்கை என்னவென்றால், கடைசிக் காலத்தில், மகாராஷ்டிரா கவர்னராக இருந்தபோது பிரதமர் நரசிம்மராவைப் பற்றி அவர் குறை சொன்னது வெளியே வந்து, 1993-ல் பதவியை விட்டு இறங்கினார். 82 வயதில், இந்த முறை திரும்பி வரவில்லை. அஞ்சு வருஷம் கழித்துப் பாரத ரத்னா கொடுத்தார்கள்.

நாணயத்தில் தமிழ் இல்லாதது மட்டும் இன்னும் உறுத்துகிறது. நினைவு நாணயங்கள் பெரும்பாலும் அப்படித்தான், இந்தியும் ஆங்கிலமும், தெரியும். ஆனால் இவருக்குமா என்று தோன்றுகிறது. அவரே இதைப் பார்த்திருந்தால், ரெண்டும்தானே இருக்கிறது, சாஸ்திரி சொன்னபடி ஆங்கிலம் தொடர்கிறதே என்று சொல்லியிருப்பாரோ என்னவோ.

நேற்று மேசை டிராயரில் அந்தக் காசைத் தேடினேன், இல்லை. வீட்டுக்காரியிடம் கேட்டால், பையனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்த அன்றைக்குப் பழனிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாளாம். "டீக்கடையில செல்லாதுன்னாங்கன்னு சொன்னீங்கல்ல, முருகன் அதெல்லாம் பார்க்கமாட்டாருன்னு போட்டேன்" என்றாள். அவருக்கும் பழனி புதிசில்லை, 1977-ல் அங்கே நின்று ஜெயித்துத்தான் மறுபடி மக்களவைக்குப் போனார் என்றேன். யார் என்று அவள் கேட்கவில்லை. தைப்பூசத்துக்கு எந்தப் பஸ்ஸில் போவது என்று கேட்டாள்.